எந்த ஊர், எந்த வருஷம்? ஐரிஷ் ரயில் மாடல் கட்டிய அனுபவம்

அயர்லாந்து ரயிலை மாடலாகச் செய்ய ஆசை, எங்கே தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், எந்த எஞ்சின் வாங்கலாம் என்ற பேச்சுக்கே நான் போவதில்லை. எந்த ஊர், எந்த வருஷம் என்று மட்டும் கேட்பேன். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் எஞ்சின், பெட்டி, சிக்னல், பெயர்ப் பலகை, புல் பூண்டு வரை எல்லாம் அதன் பின்னால் வரிசைகட்டி வரும். பதில் இல்லாமல் கடைக்குப் போனால் அலமாரி நிறையும், லேஅவுட் மட்டும், அதாவது ரயில் ஓடும் மாடல் காட்சி மட்டும், வராது.

நான் டப்ளினில் வசிக்கிறேன். ரயில்வே ஊழியனும் இல்லை, பொறியாளனும் இல்லை. ஊருக்கு வந்த புதிதில் கானலி ஸ்டேஷனில் பெல்ஃபாஸ்ட் போகும் எண்டர்பிரைஸ் வண்டியோடு நின்ற 201 வகை எஞ்சினின் சத்தம்தான் என்னை இதற்குள் இழுத்தது. தமிழ்நாட்டில் டபிள்யூடிஜி-4, டபிள்யூடிபி-4 எஞ்சின்களைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு அந்த உறுமல் நன்றாகத் தெரியும். இரண்டுக்குள்ளும் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸ் இஎம்டி 710 குடும்பத்து டீசல்தான். அங்கே 16 சிலிண்டர், இங்கே 12. இந்த வகையின் முதல் எஞ்சின் 1994 ஜூனில் கனடாவிலிருந்து அன்டோனோவ் சரக்கு விமானத்தில் வந்து இறங்கியது என்று பிறகு படித்தேன். அதிலிருந்து ஒவ்வொரு நூலாகப் பிடித்துப் பின்னால் போய், கடைசியில் 1974-இல் வந்து நின்றேன்.

வருஷத்துக்கு வருமுன் தண்டவாள அகலத்தைப் பேசிவிட வேண்டும். ஐரிஷ் மாடல்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் சீக்கிரமே இந்தப் பேச்சு வந்துவிடும்.

அயர்லாந்தின் முதல் ரயில் 1834 டிசம்பரில் டப்ளினுக்கும் கிங்ஸ்டவுனுக்கும், அதாவது இன்றைய டன் லேரிக்கும், இடையே ஓடியது. அதன் பாதை இங்கிலாந்தைப் போல 4 அடி 8½ அங்குலம். 1839-இல் பெல்ஃபாஸ்டிலிருந்து கிளம்பிய அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலத்தில் போட்டது. டப்ளினிலிருந்து ட்ரோஹெடாவுக்குப் போட நினைத்தவர்கள் 5 அடி 2 அங்குலம் என்றார்கள். வடக்கிலிருந்து வருகிற பாதையும் தெற்கிலிருந்து போகிற பாதையும் ஒருநாள் சந்தித்தாக வேண்டுமே? பஞ்சாயத்து லண்டன் வர்த்தக வாரியத்துக்குப் போனது. மேஜர் ஜெனரல் பாஸ்லி விசாரித்து 5 அடி 3 அங்குலம் என்று முடிவு சொன்னார், 1846-இல் அது சட்டமானது. அந்த அகலம் கடல் தாண்டியும் போனது. சிட்னியில் வேலை பார்த்த ஐரிஷ் பொறியாளர் ஷீல்ட்ஸ் அங்கும் 5 அடி 3 அங்குலமே வேண்டும் என்று வலியுறுத்தினார். நியூ சவுத் வேல்ஸ் பிறகு மனம் மாறியது. விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் மாறவில்லை. பிரேசிலிலும் இந்த அகலம் உண்டு.

மாடலுக்கு இதனால் என்ன வந்தது? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெரும்பாலோர் செய்வது ஓஓ அளவு: ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது 76-இல் ஒரு பங்கு. கணக்குப்படி ஐரிஷ் தண்டவாளம் 21 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஓஓ தண்டவாளமோ 16.5. இங்கிலாந்து ரயிலுக்கே அது குறுகல், நமக்கு முழுதாக 4.5 மில்லிமீட்டர் குறைகிறது. முன்னாலிருந்து பார்த்தால் அகலமான எஞ்சின் ஒடுக்கமான கால்களில் நிற்பது தெரியும்.

21 மில்லிமீட்டரில் செய்பவர்கள் இருக்கிறார்கள். செம்புத் தகடு ஒட்டிய ஸ்லீப்பர் கட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் தண்டவாளத்தைப் பற்றவைத்து, பாதை பிரியும் பாயிண்ட்களைக் கையாலேயே கட்டுகிறார்கள். டீசல் எஞ்சினுக்கு நீளமான அச்சு போட்டுச் சக்கரத்தைத் தள்ளி வைத்தால் பல சமயம் வேலை முடிந்துவிடும். நீராவி எஞ்சினில் சக்கரக் கவசம், பிஸ்டன் தண்டு என்று ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இடிக்கும். அந்த வேலையை நேரில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். எனக்குக் கிடைக்கும் மாலை நேரத்துக்கு 16.5-தான் சரி என்று யோசித்தே எடுத்தேன். எடுத்த பிறகு அந்தக் குறையைக் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கச் சில வழிகள் பிடிபட்டன.

முதல் வழி உயரம். என் லேஅவுட் மேஜை உயரத்தில் இல்லை, நின்றால் நெஞ்சு மட்டத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது தண்டவாள அகலம் கண்ணில் படாது, வண்டியின் நீளமும் உயரமும்தான் படும். பார்வையாளர் வண்டியை நேர் எதிரே பார்க்கும்படியான இரண்டு முனைகளையும் ஒரு பக்கம் பாலமும் மறுபக்கம் மரங்களும் வைத்து மறைத்துவிட்டேன். அப்புறம் களை. ஐரிஷ் சரக்கு யார்டுகளின் பக்கப் பாதைகள் பழைய போட்டோக்களில் பெரும்பாலும் சாம்பலிலும் புல்லிலும் பாதி புதைந்துதான் கிடக்கும். ஸ்லீப்பர் முனைகள் மூடும்படி சாம்பல் நிறப் பொடியைக் கொட்டி, அதன்மேல் புல் நட்டுவிட்டால் யாரும் அகலத்தை அளக்க வரமாட்டார்கள்.

அகலம் துல்லியமாக இருந்தே ஆக வேண்டும், ஆனால் தண்டவாளம் கையால் கட்ட முடியாது என்பவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: குறும்பாதை. அயர்லாந்தின் குறும்பாதைகள் 3 அடி. 4 மில்லிமீட்டர் கணக்கில் அது சரியாக 12. அந்த அகலத்தில் தண்டவாளமும் ஓடும் பாகங்களும் வேறு மாடல் அளவுகளுக்காகத் தயாராகவே விற்கின்றன. டோனகல் கவுண்டி ரயில்வேயின் சிவப்பும் பாலேடு நிறமும் பூசிய டீசல் ரயில்கார்கள் ஒரு சின்ன லேஅவுட்டுக்குப் போதும். அல்லது ட்ரலீ-டிங்கிள் பாதை. 1891-இல் திறந்து, கடைசிக் காலத்தில் டிங்கிள் மாட்டுச் சந்தைக்காக மாதம் ஒரு வண்டி மட்டும் ஓடி, 1953-இல் நின்றுபோனது. அதன் 5டி எஞ்சின் 1959-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் வரை போய் 1986-இல் திரும்பி வந்தது. ஓர் எஞ்சின், சில மாட்டு வேகன்கள், ஒரு பிரேக் வேன் இருந்தால் ஒரு முழு ரயில்வே ஆகிவிடும்.

சரி, என் இடத்துக்கு வருகிறேன். வாட்டர்ஃபோர்டிலிருந்து ராஸ்லேர் துறைமுகம் போகும் தென் வெக்ஸ்ஃபோர்டு பாதை. 1906-இல் திறந்தது. பாரோ ஆற்றின் மேல் 2,131 அடி நீளப் பாலம், நடுவே கப்பலுக்கு வழிவிடத் திரும்பும் கண் ஒன்று. வடிவமைத்தவர் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்துப் பெஞ்சமின் பேக்கர். கேம்பைல், பாலிகல்லன், வெல்லிங்டன்பிரிட்ஜ், பிரிட்ஜ்டவுன் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். ஒற்றைப் பாதை. 2010 செப்டம்பரில் பயணிகள் வண்டி நின்றது. பார்க்கப் போகிறவர்கள் சாலைப் பாலத்திலும் லெவல் கிராசிங்கிலும் நின்று பாருங்கள், வேலி தாண்டாதீர்கள். அங்கிருந்தே வேண்டிய அளவு தெரியும்.

இந்தப் பாதையை எடுத்ததற்குக் காரணம் பீட். நம் சமையலறைச் சிவப்புக் கிழங்கு இல்லை, சர்க்கரை எடுக்கும் வெள்ளைக் கிழங்கு. 1926-இல் கார்லோவிலும், 1930-களில் மலோ, தர்லஸ், டூயம் ஊர்களிலும் சர்க்கரை ஆலை வந்தது. அதிலிருந்து இலையுதிர் காலம் வந்தால் தெற்கு அயர்லாந்து ரயில்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. விவசாயிகள் டிராக்டரில் கிழங்கைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் கொட்ட, நான்கு சக்கர வேகன்கள் நிரம்பி ஆலைக்குப் போகும். மற்றச் சரக்கெல்லாம் கன்டெய்னருக்கு மாறிய பிறகும் பீட் வண்டியில் பழைய வேகன்கள் ஓடிக்கொண்டே இருந்தன. 1980-களில் பழைய வேகன் உடல்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இரட்டை அடுக்கு வேகன் செய்தார்கள். 2006-இல் மலோ ஆலை மூடியதோடு அந்தத் தொழிலே போயிற்று. ஒரு சின்ன ஸ்டேஷனில் இவ்வளவு வேலை நடந்தது என்பதே மாடல் செய்பவனுக்குக் கிடைக்கும் பெரிய வரம். வண்டி சும்மா வந்து போவதில்லை. வெறும் வேகன் வரும், நிரம்பும், பிரியும், சேரும்.

ஸ்டேஷன் மட்டும் கற்பனை. இதை எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். உண்மையான ஸ்டேஷனை அப்படியே செய்தால் 200 மீட்டர் பிளாட்பாரமே இரண்டரை மீட்டருக்கு மேல் போகும். வெளிச் சிக்னல்வரை போட்டால் வீட்டுச் சுவரை இடிக்க வேண்டியிருக்கும். பாதை உண்மை, வருஷம் உண்மை, ஊர் மட்டும் அந்தப் பாதையில் இருந்திருக்கக்கூடிய ஊர் என்று வைத்துக்கொண்டால் அளவைச் சுருக்கலாம், வரலாற்றுக்கும் துரோகம் இல்லை. நான்கடிப் பலகைகளாகக் கட்டிப் போல்ட் போட்டுச் சேர்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் திரைக்குப் பின்னால் வண்டிகளை வரிசையாக நிறுத்த ஒரு பலகை.

இனி வருஷம். ஒரு பழைய போட்டோ கையில் கிடைத்தால் அது எந்தக் காலம் என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். அதற்கு உதவும் அடையாளங்கள் அயர்லாந்தில் நிறையவே இருக்கின்றன. 1966 ஏப்ரலில், பிரிட்டனை எதிர்த்து 1916-இல் நடந்த ஈஸ்டர் எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக, முக்கிய ஸ்டேஷன்களுக்கு அதன் தலைவர்களின் பெயர் வைத்தார்கள். கிங்ஸ்பிரிட்ஜ் ஹூஸ்டன் ஆனது, ஏமியன்ஸ் ஸ்ட்ரீட் கானலி ஆனது. பலகையில் பழைய பெயர் இருந்தால் போட்டோ அதற்கு முந்தியது. வண்டியின் பக்கத்தில் இறக்கை வைத்த உருண்டைச் சின்னம் இருந்தால், ரசிகர்கள் பறக்கும் நத்தை என்பார்கள், அது 1960-களின் தொடக்கம்வரைக்கும் உள்ள கதை. சரக்கு வேகன் சாம்பலா பழுப்பா என்று பாருங்கள், 1970-ஐ ஒட்டிச் சாம்பல் பழுப்பாக மாறியது. டீசல் எஞ்சின் எண்ணுக்கு முன் ஏ, பி எழுத்து இருந்தால் 1972-க்கு முன். நீராவி எஞ்சினின் புகைப்பெட்டிக் கதவில் பெரிய வெள்ளை வட்டம் தெரிந்தால், போருக்குப் பிந்தைய நிலக்கரிப் பஞ்சத்தில் எண்ணெய் எரிக்க மாற்றிய எஞ்சின், 1947-ஐ ஒட்டிய காலம்.

நிறம்தான் கறுப்பு வெள்ளைப் போட்டோவில் ஏமாற்றும். கிரேட் சதர்ன் ரயில்வேஸ், 1925-லிருந்து 1944 முடியும்வரை இருந்த நிறுவனம், தன் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு அடி முதல் முடிவரை கருஞ்சாம்பல் பூசியது. போட்டோவில் அது கறுப்பாகத்தான் தெரியும், பலர் கறுப்பே அடித்துவிடுகிறார்கள். 1939, 1940-இல் டப்ளினின் இஞ்சிகோர் ரயில் பட்டறையில் பிறந்த மூன்று 800 வகை எஞ்சின்கள் பச்சை. அவற்றில் மூத்தவளான மேவ் பெல்ஃபாஸ்ட் அருகே கல்ட்ரா அருங்காட்சியகத்தில் நிற்கிறாள். வடக்கே கிரேட் நார்தர்ன் தன் பயணிகள் எஞ்சின்களுக்கு வானநீலம் பூசியது. மெர்லின் என்ற 85-ஆம் எண் எஞ்சினை வெயிலில் ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த நிறத்தை மறக்க முடியாது.

1974 என்றால் எனக்கு என்ன எஞ்சின்கள் வரும்? 071 வகை இல்லை, அது 1977-இல்தான் வேலைக்கு வந்தது. எவ்வளவு அழகாக இருந்தாலும் என் மேஜையில் அதற்கு இடமில்லை. 141, 181 வகைகள் வரும். 001 வகை வரும். இதன் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும், இதை அறியாமல் ஐரிஷ் டீசல் மாடல் செய்ய முடியாது.

1950-களில் அயர்லாந்தின் அரசுப் போக்குவரத்து நிறுவனமான சி.ஐ.இ. நீராவியை விட்டு ஒரே மூச்சில் டீசலுக்குப் போக முடிவெடுத்தது. இங்கிலாந்தின் மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸிடம் 94 எஞ்சின்களுக்கு ஆர்டர் போனது. பெரியவை 60, அவைதான் ஏ வகை, பின்னாளில் 001 வகை. 1955-இல் வரத் தொடங்கின. உடல், அடியிலுள்ள சக்கரச் சட்டம் எல்லாம் வெள்ளி நிறம். உள்ளே கிராஸ்லி நிறுவனத்தின் இரு வீச்சு வி8, 1,200 குதிரைத்திறன். அந்த எஞ்சின் அடிக்கடி பழுதானது, எண்ணெய் கக்கியது, புகைந்தது. வெள்ளிப் பூச்சும் அந்த அழுக்கைத் தாங்கவில்லை. பச்சைக்கு மாறினார்கள், பிறகு கறுப்பும் பழுப்பு ஆரஞ்சும். 1968-லிருந்து கிராஸ்லியைக் கழற்றி எறிந்துவிட்டு ஜெனரல் மோட்டார்ஸ் 645 வகை டீசலை உள்ளே வைத்தார்கள். அதே உடல் இன்னும் கால் நூற்றாண்டு உழைத்தது. கடைசி எஞ்சின் ஓய்வுபெற்றது 1995-இல். ஏ39 டவுன்பாட்ரிக் பாரம்பரிய ரயில்வேயில் இருக்கிறது. ஏ55 ராஸ்காமன் மாவட்டம் காஸல்ரேயில் ஒரு மதுக்கடைக்குள்ளேயே நிற்கிறது.

மாடலில் இதற்கு என்ன அர்த்தம் என்றால், ஒரே உருவத்துக்கு இரண்டு குரல் உண்டு. வெள்ளி நிற ஏ வகைக்குள் 645 சத்தம் வரும் டீகோடரை, அதாவது மாடலுக்குள் வைக்கும் மின்னணுச் சில்லை, வைத்தால் காலம் குழம்பிவிடும். கண் நம்பியதைக் காது மறுக்கும். என் 1974-க்கு 645 சத்தம் சரி. அழுக்குப் பூசுவதும் இதையொட்டியதுதான். 1956 வெள்ளி எஞ்சின் என்றால் எண்ணெய் வழிந்த கறுப்புக் கோடுகளையும், பூச்சு உரிந்து சாம்பலாகிப்போன திட்டுகளையும் காட்ட வேண்டும். 1974 எஞ்சினுக்குக் கூரையில் புகைக்கரி, கீழே பிரேக் தேய்ந்த துருப்பழுப்பு, இரண்டுக்கும் நடுவே கழுவிய உடல். அழுக்கைக் கீழிருந்து மேலே ஏற்றுங்கள், கைப்பிடியும் கதவும் உள்ள இடத்தில் துடைத்துவிடுங்கள். ஊழியர்களின் கை பட்டுப் பட்டு அந்த இடம் பளபளப்பாக இருக்கும்.

121 வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1961-இல் அமெரிக்காவின் லா கிரேஞ்ச் ஆலையிலிருந்து வந்த 15 எஞ்சின்கள், ஒரு முனையில் மட்டும் ஓட்டுநர் அறை. நீளமான மூக்கை முன்னால் வைத்து ஓட்டினால் பாதை சரியாகத் தெரியாது. நீராவி போய்விட்டது, இனி திருப்புமேடை வேண்டாம் என்று இருந்த இடங்களில் மறுபடி எஞ்சினைத் திருப்ப வேண்டியதாயிற்று. அதனால்தான் அடுத்த ஆண்டு வந்த 141-க்கு இரண்டு பக்கமும் அறை வைத்து வாங்கினார்கள். உங்கள் லேஅவுட்டில் பாதை முடிகிற ஸ்டேஷன் இருந்து 121 வேண்டுமென்றால், திருப்புமேடைக்கு இடம் விடுங்கள். அல்லது பிற்காலத்தில் ஓட்டியதுபோல இரண்டை முதுகோடு முதுகாகச் சேர்த்து ஓட்டுங்கள்.

பயணிகள் வண்டி கட்டும்போது பலர் விட்டுவிடும் ஒரு பொருள் வெப்ப வேன். சி.ஐ.இ.-யின் டீசல் எஞ்சின்களில் பெட்டிகளைச் சூடாக்கும் கொதிகலன் கிடையாது. அதனால் கொதிகலன் வைத்த வேன் ஒன்று வண்டியோடு கூடவே போகும். நான்கு சக்கரத்தில் ஓடிய சிலவற்றைத் தகர வேன் என்று இன்றும் செல்லமாகச் சொல்கிறார்கள். நீளமான கிரேவன்ஸ் பெட்டிகளுக்கு நடுவே குட்டையாக இந்த வேன் குதித்துக்கொண்டு போவதுதான் அந்தக் கால ஐரிஷ் பயணிகள் வண்டியின் முகம். அது இல்லாத குளிர்கால வண்டி எனக்கு முழு வண்டியாகவே தோன்றாது.

இப்போது பீட் வேகனுக்குள் போகும் சரக்கு. இதைப் பலர் கேட்டிருக்கிறார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். சர்க்கரைக் கிழங்கு குறுக்கே சுமார் 10 முதல் 15 சென்டிமீட்டர். 76-ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டருக்குள் வரும். கடையில் விற்கும் மாடல் கற்கள் கூர்மையாக இருக்கும், கிழங்குபோல் தெரியாது. பெரிய கடுகு அளவில் கச்சிதம். கொத்தமல்லி விதை இரண்டு மடங்கு பெரிது, பூசணிக்காய் ஏற்றியதுபோல் ஆகிவிடும். கடுகை அப்படியே பசையில் போடக் கூடாது, ஈரம் பட்டால் ஊறும், முளைக்கவும் செய்யும். வெறும் வாணலியில் சிறுதீயில் வறுத்து, வெடிக்கத் தொடங்குமுன் இறக்கி ஆறவிட வேண்டும். வேகனுக்குள் பொருந்தும்படி பஞ்சுத்தகடு (ஃபோம்) வெட்டி, நடுவில் மேடாகச் செதுக்கி, வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து தடவிக் கடுகைத் தூவுங்கள். ஒரு நாள் காய்ந்ததும் அழுக்கு வெள்ளை அடித்து, தோட்டத்து மண்ணை நன்றாகக் காயவைத்துச் சலித்து மேலே உதிர்த்துவிட்டால் வயலிலிருந்து வந்த கிழங்கு தயார். பச்சை நூலைப் பொடியாக வெட்டி அங்கங்கே வைத்தால் இலைக்காம்பு. பஞ்சுத்தகட்டின் அடியில் சின்ன இரும்புத் தகடு ஒட்டி வையுங்கள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் சரக்கு முழுதாக மேலே வந்துவிடும், போகும்போது நிரம்பிய வேகன் வரும்போது வெறுமையாக வரும்.

வேகனின் எடையும் முக்கியம். அச்சுக்கு 25 கிராம் என்ற கணக்கில் நான்கு சக்கர வேகனுக்கு 50 கிராம் வைக்கிறேன். நீளமான வண்டியைப் பின்னோக்கித் தள்ளும்போது லேசான வேகன்தான் முதலில் தண்டவாளத்தை விட்டு இறங்கும். மூன்று வளையச் சங்கிலி இணைப்பு பார்க்க அருமை, மாட்டுவதற்குக் கையும் கண்ணும் நன்றாக ஒத்துழைக்க வேண்டும். நான் வண்டியின் இரண்டு முனைகளிலும், பிரிக்கும் இடத்திலும் மட்டும் சாதாரண இணைப்பு வைத்து, நடுவில் சங்கிலி போட்டிருக்கிறேன்.

அளவு எடுக்கப் போகும்போது ஒன்றை மறக்காதீர்கள்: கூரை. நாம் மாடலை மேலிருந்து பார்க்கிறோம், போட்டோ எடுப்பவர்களோ பிளாட்பாரத்திலிருந்து எடுக்கிறார்கள். புத்தகத்தில் நூறு படம் இருந்தாலும் கூரை தெரிகிற படம் அபூர்வம். அதனால் டவுன்பாட்ரிக், வைட்ஹெட், கல்ட்ரா என்று பழைய ரயில்கள் இருக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் நடைபாலம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பக்கவாட்டுப் படத்தைக் கிட்டே நின்று எடுத்தால் முனைகள் வளைந்து தெரியும். தள்ளி நின்று, ஜூம் போட்டு, நேர் எதிரே எடுக்க வேண்டும். அளவு தெரிந்த ஏதாவது ஒன்று படத்தில் இருக்கட்டும். 1866 முதல் 111 எண்ணிக்கை கட்டப்பட்ட ஜே15 எஞ்சினுக்கு ஓட்டுச் சக்கரம் 5 அடி 1¾ அங்குலம். படத்தில் சக்கரத்தை அளந்து அந்தக் கணக்கில் மற்றதையெல்லாம் பெருக்கிக்கொள்ளலாம். அந்த வகையில் எஞ்சியிருப்பவை இரண்டே, 184-ம் 186-ம். இரண்டும் ஐரிஷ் ரயில் பாதுகாப்புச் சங்கத்திடம் இருக்கின்றன. டப்ளின் அருகே மாலஹைடில் சிரில் ஃப்ரையின் மாடல்களையும் பார்த்துவிடுங்கள். அவர் இஞ்சிகோர் பட்டறையில் வேலை பார்த்தவர், பல ஐரிஷ் வண்டிகளை அவை ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே கையால் செய்து வைத்தார்.

புத்தகத்திலும் அருங்காட்சியகத்திலும் கிடைக்காதது மனிதர்களிடம் கிடைக்கிறது. ஒரு கண்காட்சியில் வெக்ஸ்ஃபோர்டு பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் லேஅவுட் முன் வெகுநேரம் நின்றார். எஞ்சினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ரோடு இவ்வளவு சுத்தமாக இருக்காது தம்பி" என்கிற தொனியில், பீட் காலத்தில் ஸ்டேஷன் வாசலில் டிராக்டர்கள் எப்படிக் காத்துக் கிடக்கும், டயரில் ஒட்டிய சேறு சாலையில் எவ்வளவு தூரம் இழுபடும், ஏற்றும் மேட்டைச் சுற்றி நசுங்கிய கிழங்கு எப்படிக் கிடக்கும் என்று கையை நீட்டி இடம் காட்டிச் சொன்னார். அன்று இரவே பழுப்பு நிறத்தைக் குழைத்துச் சக்கரத் தடம் போட்டேன். மேட்டின் அடியில் கடுகை நசுக்கித் தூவினேன். அந்த ஸ்டேஷனில் நான் செய்த எதையும்விட அந்த அரை அடிச் சேற்றைத்தான் இப்போது அதிகம் பேர் குனிந்து பார்க்கிறார்கள்.

பணம் பற்றி: முதலில் வேகன் வாங்குங்கள். இன்று மர்ஃபி மாடல்ஸ், ஐரிஷ் ரயில்வே மாடல்ஸ் போன்றவர்கள் டீசல் எஞ்சின்களையும் பெட்டிகளையும் நல்ல தரத்தில் செய்துதருகிறார்கள். ஆனால் குறைந்த எண்ணிக்கையில் வந்து தீர்ந்துவிடும். தீர்ந்ததும் பழைய பொருள் சந்தையில் விலை ஏறிவிடும். உங்கள் வருஷம் முடிவாகிவிட்டால் எதை விடக் கூடாது, எதைத் தாராளமாக விட்டுவிடலாம் என்று தெரியும். எனக்கு 201 வகை இன்னும் மிகவும் பிடிக்கும், என்னிடம் ஒன்றுகூட இல்லை. கானலிக்குப் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது ஒரு தகர வேனை பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கவாட்டுப் படம் கிடைத்துவிட்டது, கூரைப் படம்தான் கிடைக்கவில்லை. வாட்டர்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு பக்கம் இருக்கும் நம் ஆட்கள் யாராவது இதைப் படித்தால், அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் ஒருமுறை விசாரியுங்கள். 1970-களில் பாலத்து மேலிருந்து எடுத்த வண்டிப் படம் எது இருந்தாலும் சரி, எனக்குத் தெரியப்படுத்துங்கள்.